வாசகர் கைக்கு மாறும் இணையப் பக்கம்

2025 ஜூன் 9 அன்று ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளுக்கெல்லாம் ஒரு புதிய தோற்றத்தை அறிவித்தது. ‘லிக்விட் கிளாஸ்’ என்று அதற்குப் பெயர். பட்டன்களும் மெனுக்களும் கண்ணாடியால் ஆனவை போலத் தெரியும். பின்னால் இருக்கும் படம் அவற்றின் ஊடே வளைந்து ஒளிரும். இணையதள வடிவமைப்பாளர்கள் பலர் அந்தக் கண்ணாடியைத் தங்கள் பக்கங்களிலும் உடனே செய்துபார்த்தார்கள். எழுத்தைப் படிக்க முடியவில்லை என்ற குறையும் கூடவே எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 26.1 பதிப்பில், கண்ணாடியின் தெளிவைக் குறைத்து எழுத்தைத் துலக்கமாக்கிக்கொள்ளும் தேர்வை ஆப்பிள் சேர்த்தது. ஐந்தே மாதத்தில் ஒரு மோஸ்தர் வந்தது, அது எந்த அளவுக்கு வேண்டும் என்ற முடிவு பயன்படுத்துபவரிடம் போய்ச் சேர்ந்தது.

ஆண்டு பிறக்கும்போதெல்லாம் ‘இந்த ஆண்டின் வடிவமைப்புப் போக்குகள்’ என்று பட்டியல்கள் வருவது வழக்கம். 2020 வாக்கில் பனி படர்ந்த கண்ணாடித் தோற்றம் பேசப்பட்டது. பிறகு தடித்த கறுப்புக் கோடுகளும் பளிச்சிடும் நிறங்களும் கொண்ட ‘நியோபுரூட்டலிசம்’ வந்தது. அடுத்து, பக்கத்தைச் சிறிதும் பெரிதுமான கட்டங்களாகப் பிரிக்கும் ‘பென்டோ’ அடுக்கு. வந்த வேகத்தில் இவை பழசாகிவிடுகின்றன. நின்று நிலைக்கப்போகும் மாற்றங்களுக்கு வேர் வேறு இடங்களில் இருக்கிறது: உலாவிகள் புதிதாகப் பெற்ற திறன்கள், நீதிமன்றங்களும் ஒழுங்குமுறை அமைப்புகளும் விதிக்கும் கடமைகள், மனிதருக்குப் பதிலாகப் பக்கத்தைப் படிக்க வரும் இயந்திரங்கள், பக்கத்தின் எடை, வாசகரின் மொழி. ஐந்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரே திசை தெரிகிறது. பக்கம் எப்படித் தோன்ற வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற முடிவில் படிப்பவரின் பங்கு கூடிக்கொண்டே போகிறது.

முதல் வரைவிலேயே இருந்த பங்கு

1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்திலிருந்து உலகுக்கு அறிவித்த முதல் இணையதளத்தில் தலைப்பு, பத்தி, லிங்க் போன்ற எளிய கூறுகள் மட்டுமே இருந்தன. எழுத்தின் அளவையும் வகையையும் படிப்பவரின் உலாவியே தீர்மானித்தது. 1994 அக்டோபரில் ஹோகன் வியூம் லீ, பக்கத்துக்குத் தோற்றம் தரும் சி.எஸ்.எஸ். மொழிக்கான முதல் வரைவை வெளியிட்டார். அதில் ஒரு அருமையான யோசனை இருந்தது. எழுத்தின் அளவைக் குறிப்பிடும் ஒவ்வொரு கட்டளையோடும், அது எத்தனை சதவீதம் செல்லுபடியாக வேண்டும் என்றும் சொல்லலாம். எழுதியவரின் விருப்பமும் படிப்பவரின் விருப்பமும் எடைபோடப்பட்டு முடிவு அமையும்.

அந்தச் சதவீதக் கணக்கு இறுதி வடிவத்தில் இடம்பெறவில்லை. 1996 டிசம்பரில் சி.எஸ்.எஸ். முறையான தரமாக வந்தபோது, அச்சுத் துறையிலிருந்து வந்த வடிவமைப்பாளர்கள் காகிதத்தில் பழகிய துல்லியத்தையே திரையிலும் தேடினார்கள். அட்டவணைகளுக்குள் அட்டவணை போட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படங்களை இடைவெளிக்குச் செருகிப் பக்கங்களைக் கட்டினார்கள். ஃபிளாஷ் வந்ததும் முழுப் பக்கமுமே அசையும் படமாகிவிட்டது. அதில் எழுத்தைப் பெரிதாக்குவது பெரும்பாலும் முடியாது. தேடுபொறிக்கும் உள்ளே இருப்பது சரிவரத் தெரியாது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஃபிளாஷை ஏன் ஐபோனில் அனுமதிக்கவில்லை என்று விளக்கிக் கடிதம் எழுதினார். 2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனமே அதற்கு ஆதரவை நிறுத்திக்கொண்டது.

மறுபக்கம் ஒரு சிந்தனை மெல்ல வளர்ந்துவந்தது. இணையப் பக்கத்துக்குக் காகிதத்தின் உறுதியைத் தர முயல வேண்டாம், அதன் நெகிழ்வை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று 2000இல் ஜான் ஆல்சாப் எழுதினார். 2010 மே மாதத்தில் ஈதன் மார்கோட் ‘ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்’ என்ற கட்டுரையில் அதற்குச் செயல்முறை வகுத்தார். திரையின் அகலத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பக்கம், கைபேசிகள் பெருகிய காலத்தில் உலக வழக்கமானது.

உலாவி கற்றுக்கொண்டவை

மார்கோட் சொன்ன முறையில் ஒரு குறை இருந்தது. பக்கம் முழுத் திரையின் அகலத்தை மட்டுமே அறியும். ஒரு செய்தித் தளத்தில் படம், தலைப்பு, இரண்டு வரிச் சுருக்கம் கொண்ட ஓர் அட்டையை எடுத்துக்கொள்வோம். முகப்பின் நடுவே அது அகலமாக நிற்கும். ஓரப் பத்தியில் ஒடுங்கி நிற்க வேண்டும். திரை ஒன்றேதான் என்பதால் இரண்டுக்கும் தனித்தனியாக நிரல் எழுத வேண்டியிருந்தது. ‘கன்டெய்னர் கொயரி’ என்ற வசதி இதை மாற்றிவிட்டது. அட்டை தான் வைக்கப்பட்ட பெட்டியின் அகலத்தைத் தானே பார்த்து, இடமிருந்தால் படத்தைப் பக்கவாட்டில் வைக்கும், இல்லையென்றால் மேலே வைக்கும். 2022 ஆகஸ்டில் குரோமிலும் அடுத்த மாதம் சஃபாரியிலும் 2023 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸிலும் இது வந்துசேர்ந்தது.

போட்டி உலாவிகள் ஒரே வசதியை ஆறு மாத இடைவெளிக்குள் தருவது ஒரு காலத்தில் அரிதான காரியம். ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா ஆகியவை ‘இன்டராப்’ என்ற கூட்டுத் திட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் சில வசதிகளைத் தேர்ந்தெடுத்து, எல்லா உலாவிகளிலும் அவை ஒரே மாதிரி இயங்குகின்றனவா என்று சோதிக்கின்றன. மெனுவை விரிப்பது, மிதக்கும் பெட்டியைத் திறப்பது, ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது போன்ற வேலைகளுக்கு முன்பு கனமான ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகள் வேண்டியிருந்தன. அவற்றை இப்போது உலாவியே செய்யத் தொடங்கியிருக்கிறது. வரும் ஆண்டுகளில் தளங்கள் உள்ளுக்குள் இளைக்கும். வாசகருக்கு இது வேகமாகத் தெரியும்.

அசைவுகளுக்கும் இதே கதைதான். 2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ‘ஸ்னோ ஃபால்’ என்ற பனிச்சரிவுச் செய்திக்கதை, ஸ்க்ரோல் செய்யச் செய்யக் காட்சிகள் விரியும் பாணியை உலகமெங்கும் பரப்பியது. அதை எழுதிய ஜான் பிராஞ்ச் அடுத்த ஆண்டு புலிட்சர் விருது பெற்றார். அன்று ஒரு பெரிய குழுவே உழைத்துச் செய்ததில் பெரும்பகுதியை இன்று சில வரி சி.எஸ்.எஸ். கொண்டு செய்யலாம். அதே சமயம், உள்காதுக் கோளாறு உள்ளவர்களுக்குத் திரையின் அசைவு தலைசுற்றலைத் தரும். அவர்கள் தங்கள் கருவியின் செட்டிங்ஸில் அசைவைக் குறைக்கச் சொல்லியிருந்தால், அந்தத் தகவலைப் பக்கம் கேட்டுத் தெரிந்துகொண்டு அசைவை நிறுத்த முடியும். டார்க் மோட் விருப்பம், கூடுதல் நிற வேறுபாடு வேண்டுமென்ற விருப்பம் ஆகியவையும் இவ்வாறே பக்கத்துக்குத் தெரிவிக்கப்படுகின்றன. ஹோகன் லீயின் வரைவில் வாசகருக்கு இருந்த பங்கு இப்படி வேறு வழியில் திரும்பி வந்திருக்கிறது.

கண் சிமிட்ட முடியாதவர்களின் வழக்கு

மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்களை அமைப்பதற்கான டபிள்யு.சி.ஏ.ஜி. வழிகாட்டி 1999 முதல் இருக்கிறது. அதன் 2.2ஆம் பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அதில் பல விதிகள் மிக எளியவை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளையில் கறுப்பு எழுத்து 21க்கு 1. வெள்ளையில் இளஞ்சாம்பல் எழுத்து என்ற, வடிவமைப்பாளர்கள் பலருக்குப் பிடித்த சேர்க்கை அந்த வரம்பைத் தொடுவதே இல்லை. வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025 சோதனையில் 94.8 சதவீதப் பக்கங்களில் குறைகள் இருந்தன. அவற்றில் முதலிடம் மங்கலான எழுத்துக்கே, 79.1 சதவீதப் பக்கங்களில் அது காணப்பட்டது.

கால் நூற்றாண்டாக அறிவுரையாக இருந்தது இப்போது சட்டமாகிறது. ஐரோப்பிய அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. இணையக் கடைகள், வங்கிச் சேவைகள், மின்னூல்கள் ஆகியவை அதன் வரம்புக்குள் வருகின்றன. ஐரோப்பியருக்கு விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்துகிறது.

இந்தியாவில் திருப்புமுனை 2025 ஏப்ரல் 30 அன்று நேர்ந்தது. அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்த பெண்கள் உச்ச நீதிமன்றத்தை நாடியிருந்தார்கள். வங்கிக் கணக்குக்கான இணையவழி அடையாளச் சோதனையில், திரைக்கு முன்னே இருப்பது உயிருள்ள மனிதர் என்று உறுதிசெய்யக் கண் சிமிட்டச் சொன்னார்கள். அந்தப் பெண்களால் சிமிட்ட முடியவில்லை. அதனால் கணக்கைத் திறக்க முடியாமல் போனது. நீதிபதிகள் பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஒரு திரையில் எந்தப் படி முதலில் வர வேண்டும், அதற்கு மாற்று வழி என்ன என்ற கேள்வி இதோடு அடிப்படை உரிமை பற்றிய கேள்வியாகிவிட்டது.

குறுக்கு வழிகளும் அடைபட்டு வருகின்றன. ஒரு வரி நிரலைச் சேர்த்தால் போதும், தளம் தானாகவே விதிகளுக்கு உட்பட்டுவிடும் என்று விளம்பரம் செய்த அக்சசிபி நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2025இல் அந்த நிறுவனம் பத்து லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று.

சரியான வழி எப்படி இருக்கும் என்பதற்கு பிரிட்டன் அரசின் ‘கவ்.யூகே’ தளம் நல்ல சான்று. 2012இல் தொடங்கப்பட்ட அந்தத் தளம் அடுத்த ஆண்டே லண்டன் டிசைன் மியூசியத்தின் ஆண்டு விருதைப் பெற்றது. அலங்காரம் ஏதும் அங்கே கிடையாது. பிறந்த தேதியை அது எப்படிக் கேட்கிறது என்பதைக் கவனித்தாலே அதன் அக்கறை புரியும். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சாதாரணப் பெட்டிகள். எண்ணைத் தட்டினால் போதும். எழுபது வயதுக்காரர் ஒருவரை நாள்காட்டிப் படத்தில் நூற்றுக்கணக்கான மாதங்களைப் பின்னோக்கித் தள்ளவைக்கும் கொடுமை அங்கே இல்லை. ஒரு பக்கத்தில் ஒரு கேள்வி என்ற முறையையும் அந்தத் தளம் கடைப்பிடிக்கிறது. மக்களை அருகில் உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்துச் செதுக்கிய வடிவங்கள் அவை.

ஏமாற்றும் வடிவங்களுக்கு எதிராக

வாசகரின் கையைப் பிடித்து வேறு பக்கம் இழுக்கும் வடிவமைப்பும் உண்டு. 2010இல் ஹேரி பிரிக்னல் அதற்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயரிட்டார். ‘இன்னும் 4 நிமிடமே’ என்று பொய்யாக ஓடும் கடிகாரம், கூடையில் சொல்லாமல் சேர்க்கப்படும் காப்பீடு, வேண்டாம் என்றால் குற்றவுணர்வு வரும்படி எழுதிய பட்டன் எல்லாம் இதில் அடக்கம். இந்திய அரசு 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இப்படிப்பட்ட 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்கின்றன.

அமெரிக்காவில் அமேசான் பிரைம் வழக்கு பெரிதாகப் பேசப்பட்டது. உறுப்பினராவது சுலபம், விலகுவது கடினம் என்று வணிக ஆணையம் குற்றம்சாட்டியது. விலகும் வழிக்கு நிறுவனத்துக்குள் இருந்த பெயர் ‘இலியட்’. ஹோமரின் நெடுங்காப்பியத்தின் பெயர். 2025 செப்டம்பரில் அமேசான் 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. சேர மறுக்கும் பட்டன் தெளிவாக இருக்க வேண்டும், விலகும் வழி எளிதாக இருக்க வேண்டும் என்பவையும் அந்த உடன்பாட்டில் எழுதப்பட்டன. பட்டனின் தெளிவை நீதிமன்ற ஆவணம் நிர்ணயிக்கும் காலம் இது. இனி ஒரு வடிவமைப்பை வாடிக்கையாளர் நிறுவனத்தின் வழக்கறிஞரும் பார்த்துக் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

இயந்திரம் எழுதுகிறது, இயந்திரமே படிக்கிறது

2025 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாதி ‘வைப் கோடிங்’ என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். என்ன வேண்டும் என்று பேச்சு நடையில் சொன்னால் செயற்கை நுண்ணறிவு முழுத் தளத்தையும் கட்டித் தரும். நிமிடங்களில் பக்கம் தயார். ஆனால் இப்படி வந்த தளங்களில் ஒரு ஒற்றுமை தெரிந்தது: பட்டன்களெல்லாம் ஒரே ஊதா கலந்த நீலம். டெயில்விண்ட் என்ற கருவித் தொகுப்பை உருவாக்கிய ஆடம் வாதன், ஐந்து ஆண்டுகளுக்கு முன் தன் மாதிரிப் பட்டன்களுக்குத் தான் தேர்ந்தெடுத்த நிறமே இதற்குக் காரணம் என்று சொல்லிப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இயந்திரங்கள் அந்த மாதிரிகளைப் பார்த்தே கற்றிருந்தன. சராசரியான அழகு இனி இலவசமாகக் கிடைக்கும். ஒரு நிறுவனத்தின் இயல்பை, ஒரு ஊரின் நிறத்தை, கையால் வரைந்த எழுத்தைக் கொண்டுவரும் தளங்களுக்கு அதனாலேயே மதிப்பு கூடும்.

இதைவிடப் பெரிய மாற்றம் வாசிப்பில் நிகழ்கிறது. கூகுள் 2024 மே முதல் தேடல் முடிவுகளின் தலைமாட்டில் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்களைக் காட்டுகிறது. பியூ ஆய்வு மையம் 2025 மார்ச் மாதத்தில் அமெரிக்கர்களின் தேடல்களை ஆராய்ந்தது. சுருக்கம் இல்லாத தேடல்களில் 15 சதவீதத்தில் வழக்கமான லிங்க் ஒன்று சொடுக்கப்பட்டது. சுருக்கம் வந்த தேடல்களில் அது 8 சதவீதம்தான். பதில் முன்பே கிடைத்துவிடுவதால் வாசகர் தளத்துக்கு வருவதே குறைகிறது. செய்தி நிறுவனங்களும் சமையல் குறிப்புத் தளங்களும் இதை நேரடி வருமான இழப்பாக உணர்கின்றன. உலகின் பெரிய இணையப் போக்குவரத்து நிறுவனங்களில் ஒன்றான கிளவுட்ஃபிளேர், 2025 ஜூலை முதல் புதிய வாடிக்கையாளர்களின் தளங்களில் செயற்கை நுண்ணறிவுக்காகப் பக்கங்களை அள்ளும் நிரல்களை இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. அள்ள வேண்டுமானால் கட்டணம் செலுத்தும் முறையையும் சோதனைக்கு விட்டது.

மனிதருக்குப் பதிலாகப் பக்கத்துக்குள் வந்து படிவம் நிரப்பி, பொருள் வாங்கும் ‘ஏஜென்ட்’ நிரல்கள் அடுத்த கட்டம். 2025 அக்டோபரில் ஓபன்ஏஐ ‘அட்லஸ்’ என்ற உலாவியை வெளியிட்டபோது, தளங்கள் தங்கள் பட்டன்களுக்கும் படிவங்களுக்கும் ‘ஏரியா’ குறிகளைச் சரியாக இட்டால் ஏஜென்ட் நன்றாக வேலை செய்யும் என்று அறிவுறுத்தியது. அந்தக் குறிகள் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருளுக்காக உருவானவை. பட்டன் போல வண்ணம் தீட்டிய வெறும் பெட்டி, பார்க்கிறவர் கண்ணுக்குப் பட்டன்தான். திரைவாசிப்பானுக்கு அது வெறும் எழுத்து. ஏஜென்ட் நிரலுக்கும் அவ்வளவே. பார்வையற்றவர்களும் அவர்களுக்காகப் போராடியவர்களும் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேட்டுவந்த ஒழுங்கு, இப்போது வணிகத் தேவையாகவும் ஆகியிருக்கிறது. காரணம் எதுவானாலும் பலன் அவர்களுக்கும் போய்ச் சேரும் என்பதில் மகிழ்ச்சி கொள்ளலாம்.

எடை

2024இல் எச்.டி.டி.பி. ஆர்க்கைவ் திரட்டிய தரவின்படி, கைபேசிக்கு வரும் பக்கத்தின் நடுத்தர எடை ஏறத்தாழ 2.3 மெகாபைட். ஒரு செய்தியின் எழுத்து சில கிலோபைட்டுகளே இருக்கும். மற்றதெல்லாம் படம், ஜாவாஸ்கிரிப்ட், எழுத்துரு. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும் என்று கூகுள் அளவுகோல் வைத்திருக்கிறது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில், நெரிசலான நேரத்தில், இந்த எல்லைகளை எட்ட முடியாத தளங்கள் ஏராளம். ஏவிஃப் போன்ற புதிய பட வடிவங்கள் தரம் அதிகம் குறையாமல் அளவைச் சுருக்குகின்றன. திரைக்கு எட்டாத படங்களைத் தாமதமாக இறக்கும் வசதி எல்லா உலாவிகளிலும் இருக்கிறது.

எடைக் குறைப்பை அழகியலாகவே மாற்றிய தளம் ஒன்று உண்டு. ‘லோ-டெக் மேகசின்’ இதழின் சூரிய மின் பதிப்பு 2018 முதல் பார்சிலோனாவில் ஒரு வீட்டு மாடத்தில் உள்ள சூரியத் தகடு தரும் மின்சாரத்தில் இயங்குகிறது. படங்களெல்லாம் புள்ளிகளால் ஆன ஒற்றை நிறச் சித்திரங்கள். மின்கலத்தில் எவ்வளவு மின்சாரம் மிச்சம் என்பதைப் பக்கத்தின் பின்னணி நிறத்தின் உயரமே காட்டும். பல நாள் மேகமூட்டம் இருந்தால் தளம் அணைந்துவிடும். எல்லாத் தளங்களும் இப்படி ஆகப்போவதில்லை. ஆனாலும் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பில் நீடித்த வடிவமைப்புக்கான வழிகாட்டிகள் எழுதப்பட்டு வருகின்றன; பக்கத்தின் எடை ஒப்பந்தங்களில் இடம்பெறும் நாள் அருகில் இருக்கிறது.

தமிழ்ப் பக்கத்தின் தேவைகள்

தமிழ்த் தளங்கள் ஒரு காலத்தில் ஆளுக்கொரு எழுத்துருவை வைத்திருந்தன. அதை இறக்கிப் பதியாதவர்களுக்கு வெறும் கிறுக்கல்தான் தெரிந்தது. யுனிகோடு பரவியதும், 2010இல் தமிழக அரசு அதை ஏற்றதும் அந்தத் தொல்லையை ஒழித்தன. இன்று பக்கத்தோடு கூடவே எழுத்துருவும் வருகிறது. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கட்டமரன்’, மும்பை எக் டைப் குழுவின் ‘முக்தா மலர்’ போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. எக் டைப் 2022இல் வெளியிட்ட ‘அனெக் தமிழ்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. எழுத்தின் தடிமனையும் அகலத்தையும் ஒரே கோப்புக்குள் விரும்பியபடி கூட்டலாம், குறைக்கலாம்.

அகலத்தை மாற்றும் வசதி தமிழுக்கு ஆடம்பரம் அல்ல. தமிழ்ச் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்பவை. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பட்டனில் தமிழ்ச் சொல்லை இட்டால் வெளியே பிதுங்கும், அல்லது மூன்று புள்ளிகளாக வெட்டுப்படும். கைபேசியில் பெரிய தலைப்பு வரிக்கு ஒரு சொல்லாகச் சிதறும். ஆங்கிலத்துக்கு நெருக்கமாக வைத்த வரி உயரத்தில் ‘கீ’யின் மேற்சுழியும் ‘கூ’வின் அடிவளைவும் அறுபடும். பெட்டியின் அகலம் அறிந்து மாறும் அட்டை, ஒடுங்கி விரியும் எழுத்துரு, வரிகளைச் சமமாகப் பிரிக்கும் புதிய சி.எஸ்.எஸ். கட்டளை மூன்றும் சேர்ந்தால் இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை தீரும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒரே வடிவத்துக்குள் அடக்க வேண்டிய இலங்கை அரசுத் தளங்களுக்கு இவை இன்னும் அவசியம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலையும் இருக்கிறது. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலின் முதல் வரிகளிலேயே அறிவிக்க வேண்டும். பல தளங்கள் ஆங்கிலத் தளத்தின் அச்சை அப்படியே எடுத்துக்கொள்வதால் அங்கே ஆங்கிலம் என்றே எழுதியிருக்கும். என்.வி.டி.ஏ. போன்ற இலவசத் திரைவாசிப்பான் அந்த அறிவிப்பை நம்பித்தான் குரலைத் தேர்ந்தெடுக்கிறது. தவறாக அறிவித்த பக்கத்தில் அது ஆங்கிலக் குரலோடு தமிழ் எழுத்தில் தடுமாறும். திருத்த வேண்டியது இரண்டே எழுத்து.

ஒரு பள்ளிக்கோ சிறுகடைக்கோ உள்ளாட்சி அலுவலகத்துக்கோ புதிதாகத் தளம் கட்டச் சொல்பவர்கள், நிறமும் படமும் பார்ப்பதற்கு முன் வடிவமைப்பாளரிடம் சில சோதனைகளைச் செய்துகாட்டச் சொல்லலாம். மவுஸைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டுமே படிவத்தை நிரப்பி அனுப்ப முடிகிறதா? எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கிறதா? மலிவான போனில், மொபைல் இணைப்பில், எத்தனை விநாடியில் திறக்கிறது? நீளமான தமிழ்த் தலைப்பை இட்டால் அட்டை தாங்குகிறதா? திரைவாசிப்பான் ஒவ்வொரு பட்டனின் பெயரையும் தமிழில் சொல்கிறதா? இவற்றுக்கு ஒரு மணி நேரமும் ஒரு சாதாரண போனும் போதும். முடிவுகளை ஒப்பந்தத்தோடு எழுத்தில் இணைத்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்துத் தளத்தில் மாற்றம் செய்யும்போது அதே சோதனைகளை மறுபடியும் கேட்டு வாங்கலாம்.